தோய்க்கக் கூடாத கோட்

கனடாவுக்கு வந்த முதல் இலையுதிர்காலத்திலேயே அருள்மலர் ஒரு நல்ல கோட்டைத் தோய்த்துக் கெடுத்தாள்.

பழைய உடுப்புக் கடையில் எடுத்த கோட் அது. ஒலிவ் பச்சை நிறம், கனமான பருத்தித் துணி, கழுத்தில் மண்ணிறக் கோட்ரோய் வரித்துணி. தொட்டால் விரலில் மெல்லப் பிசுபிசுத்தது. முகர்ந்தால் எண்ணெய் மணம். யாரோ போட்டுக் கழித்த உடுப்பை இத்தனை அழுக்கோடு எப்படி உடம்பில் போடுவது என்று நினைத்து, சுடுதண்ணீர் விட்டு, சவர்க்காரத் தூளை அள்ளிப் போட்டு, மெஷினில் சுழற்றினாள். மணம் போகவில்லை என்று மறுபடியும் சுழற்றினாள். வெளியே வந்தது சுருங்கித் தொங்கிய ஒரு பழந்துணி. அடுத்து வந்த மழையில் உள்சட்டை வரை நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். மெஷினின் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பசை படிந்து, கணவன் அன்புராசாவின் வேலைச் சட்டைகள் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. அவன் அந்தச் சட்டைகளோடேயே மிசிசாகாவுக்கு, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போய்வந்தான்.

கோட்டின் உள்பக்கத்தில் தைத்திருந்த துண்டை அதற்குப் பிறகுதான் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியின் படத்துக்கு மேல் குறுக்கே ஒரு கோடு. இஸ்திரிப்பெட்டியின் படத்துக்கு மேலும் அப்படியே. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். ஆங்கிலம் ஓடாது, படம் ஓடும். அழுக்கு என்று அவள் நினைத்ததுதான் அந்தக் கோட்டைக் கோட்டாக வைத்திருந்தது. துணி முழுவதும் ஊறியிருந்த மெழுகு அது.

பிறகு ஒரு கடையில் அந்த மெழுகு டப்பாவைக் கண்டுபிடித்தாள். அதன் மூடியிலும் படங்கள் இருந்தன. படத்தைப் பார்த்துப் பார்த்து, கெடுத்த அதே கோட்டிலேயே பழகினாள். முதலில் மெழுகு திட்டுத் திட்டாக நின்றது. பிறகு கைக்குப் பிடிபட்டது. ஆனால் ஒருமுறை கழுவிப் போன மெழுகு முழுதாகத் திரும்பி வராது என்பதையும் அந்தக் கோட்டிலேயே கண்டாள். வலது தோளில் வெளிறிய ஒரு திட்டு கடைசிவரை நின்றுவிட்டது. அந்தக் கோட்டைத்தான் இன்றைக்கும் போடுகிறாள்.

ரூஜ் பக்கம் வீடு வாங்கி வந்தபோது, அந்தத் தெருவில் அவளை யாருக்கும் தெரியாது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பலகாரக் கடையொன்றின் பின்பக்கச் சமையலறையில் றோல்ஸ் சுற்றும் வேலை. வாடிக்கையாளர் முகம் பார்க்கத் தேவையில்லை. கதவு திறந்து மூடும் இடைவெளியில் முன்பக்கம் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யார் யாரோடு கதைக்கிறார்கள், யார் யாரைக் கண்டு வேறு பக்கம் திரும்புகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தன்னைப் பற்றி மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொள்வாள்.

அதற்குக் காரணம் இருந்தது. இங்கே புதிதாகச் சந்திக்கிற எவரும் பேர் கேட்ட கையோடு, ஊரிலை எவடம் என்று கேட்பார்கள். ஊரின் பேரைச் சொன்னால், ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். பக்கத்தைச் சொன்னால் கோயிலைக் கேட்பார்கள். கோயிலையும் சொல்லிவிட்டால் சாதியைக் கேட்கத் தேவையில்லை. அருள்மலரின் பாட்டனும் தகப்பனும் ஊரில் மற்ற வீடுகளின் உடுப்பை எடுத்து வெளுத்தவர்கள். கல்யாண வீட்டிலும் சாமத்திய வீட்டிலும் நிலத்தில் வெள்ளை விரித்தவர்கள். வயதுக்கு வந்து பெரியபிள்ளையான பெட்டைக்குத் தண்ணி வார்க்கும்போது அது உடுத்திருந்த உடுப்பு வெளுக்கிறவர்களின் வீட்டுப் பெண்களுக்குத்தான் போகும். அன்புராசாவும் அவளுக்கு மச்சான் முறை, அதே வீடுதான். வந்த புதிதில் ட்றைகிளீன் கடையொன்றில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, எந்த வேலையென்றாலும் செய், உது மட்டும் வேண்டாம் என்று சொன்னவன் அவன். ஊரைக் கேட்டால் பக்கத்துச் சந்தியின் பேரைச் சொல்ல அவளுக்குப் பழக்கியவனும் அவன்தான். இரண்டாவது கேள்வி வருவதற்குள் அவள் தேத்தண்ணி வைக்க எழும்பிவிடுவாள்.

பாலேஸ்வரி அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை.

பஸ் தரிப்பில் பழக்கமானவர் பாலேஸ்வரி. அறுபதை எட்டியவர், வயதானவர்களைப் பராமரிக்க வீடு வீடாகப் போகிறவர். ஒருநாள் மழைக்குள் நிற்கும்போது அருள்மலரின் கோட்டில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுவதைப் பார்த்துவிட்டு, இது என்ன தாமரை இலையோ பிள்ளை என்று கேட்டார். தன்னிடமும் இதைப்போல ஒரு கோட் இருக்கிறதாம். தான் பராமரித்த வெள்ளைக்காரக் கிழவி சாகுமுன் தன் கையால் போட்டுவிட்டது. ஆனால் கருவாடுபோலக் காய்ந்து போய்க் கிடக்கிறதாம்.

மறுநாள் பொலித்தீன் பையில் கோட் வந்தது. அருள்மலர் அதைக் கராஜில் தொங்கவிட்டுப் பார்த்தாள். நல்ல கோட். அவளுடையதைவிடப் பழையது, அவளுடையதைவிட நல்ல தையல். மடிப்புகளில் மட்டும் மெழுகு விட்டு வெளிறியிருந்தது. ஒருநாளும் சவர்க்காரம் படாத கோட் என்று தொட்டவுடன் தெரிந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் முதல் பனிக்கு முன்னால் பாலேஸ்வரியின் கோட் அவளிடம் வரும். பாலேஸ்வரியும் கூடவே வந்து கராஜில் கதிரை போட்டு இருப்பார். தூரிகையால் காய்ந்த மண்ணைத் தட்டி, பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவிடுவாள். மெழுகு டப்பாவைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்தால் அது தேங்காய் எண்ணெய்போல உருகி வரும். பழைய சாறத் துணித் துண்டில் கொஞ்சமாகத் தொட்டெடுத்து, தையல் ஓரங்களிலிருந்து தொடங்குவாள். தண்ணீர் முதலில் இறங்குவது தையலுக்குள்ளால்தான். பிறகு தோள், முழங்கை மடிப்பு, கைவிளிம்பு. கழுத்துக் கோட்ரோயில் மெழுகு படக்கூடாது. கடைசியில் ஹெயார் ட்றையரால் சூடு காட்டினால், வெள்ளையாய் நின்ற மெழுகு கண்ணுக்கு முன்னால் துணிக்குள் இறங்கி, பச்சை இருண்டு வரும். அந்த இடத்தில் பாலேஸ்வரி வழக்கமாக, இப்பத்தான் சீவன் வருது என்பார். ஒவ்வொரு வருடமும் அதையே சொல்வார். அருள்மலரும் ஒவ்வொரு வருடமும் அதற்காகக் காத்திருப்பாள்.

தோய்க்க மட்டும் வேண்டாமக்கா என்று அவள் திருப்பித் திருப்பிச் சொல்வாள். மெஷினுக்குள் போட்டால் முடிஞ்சுது.

அப்படியொரு மத்தியானம்தான் பாலேஸ்வரி தன் கணவரைப் பற்றிச் சொன்னார். பாலேஸ்வரியின் வீட்டு வரவேற்பறையில் அந்த மனிதரின் படம் பிளாஸ்ரிக் மல்லிகை மாலையோடும் சிவப்பு மின்விளக்கோடும் தொங்குகிறது. வெளிநாட்டுக்குப் புறப்பட்ட வழியில் காணாமல் போய்விட்டார் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். மகள் ஸ்ரீதேவிக்கும் அதுதான் தெரியும். ஆள் சாகவில்லை. ஜேர்மனியில் இன்னொருத்தியோடு, வளர்ந்த பிள்ளைகளோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறவன்ரை படத்துக்கு நான் மாலை போட்டு வைச்சிருக்கிறன் என்று சொல்லிப் பாலேஸ்வரி சிரித்தார். சிரித்து முடிய அழுதார்.

அருள்மலருக்குக் கையில் மெழுகு. கண்ணைத் துடைத்துவிட முடியவில்லை. ஒன்றும் கொடுக்காமல் ஒருவரின் இவ்வளவு பெரிய சங்கதியை வாங்கி வைத்துக்கொள்வது சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. கோட்டைப் பார்த்தபடியே தன்னுடையதைச் சொன்னாள். எந்தப் பக்கம், எந்தக் கோயில், பாட்டன் என்ன செய்தவர். பாலேஸ்வரி எழும்பி வந்து அவள் தோளில் கை வைத்தார். இஞ்சை வந்து ஆர் உதெல்லாம் பாக்கினம் என்றார். இது எனக்கும் உனக்கும் இடையிலை என்றார்.

அன்புராசாவிடம் அதை அவள் சொல்லவில்லை. அவன் கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பான். அவளுக்கோ, பல வருடங்களுக்குப் பிறகு இறுக்கமான சப்பாத்தைக் கழற்றிவைத்தது போலிருந்தது. அந்தத் தெருவில் தன்னை முழுதாகத் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறது, தெரிந்தும் தேத்தண்ணி குடிக்க வருகிறது. அது போதும் என்று இருந்தாள்.

இந்த வருடம் கோட் நேரத்தோடேயே வந்தது. விட்பியில் இருக்கும் ஸ்ரீதேவியின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். மண்டபத்தில் பெரிய விழா பிறகு இருக்கிறது, வீட்டில் தண்ணி வார்வை இந்த ஞாயிறு. அந்த ஓட்டத்தில் மறந்துவிடுவேன், இப்போதே வைத்துக்கொள் என்று பாலேஸ்வரி கோட்டைத் தந்தார். ஞாயிறு நீயும் வா என்றார். ஆக்கள் கனக்க இல்லை, நெருங்கின ஆக்கள்தான்.

நெருங்கின ஆக்கள் என்ற சொல்லை அருள்மலர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். கத்தரிப்பூ நிறத்தில் சேலை எடுத்து வைத்தாள். பிள்ளைக்கு ஒரு சோடித் தோடு வாங்கினாள்.

ஞாயிறு, பாலேஸ்வரி போன வருடம் வாங்கிய காரிலேயே விட்பிக்குப் போனார்கள். புது வீடு, பெரிய குசினி. சுவரில் அதே மனிதரின் படம் இங்கேயும் மாலையோடு. பேத்தியை முதலில் படத்துக்கு முன்னால் நிறுத்தி, அம்மப்பாவைக் கும்பிட்டிட்டு வா என்றார்கள். அருள்மலர் நிலத்தைப் பார்த்தாள்.

தண்ணி வார்க்கப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் மாமி, பிறகு பெரியம்மா. அருள்மலரும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவளுடைய முறை வருவதற்குள் யாரோ, காணும், விடுங்கோ, பிள்ளைக்குக் குளிருது என்று துவாயைச் சுற்றிவிட்டார்கள். அது நடக்கிற விசயம்தான். ஆனால் பிறகு குசினியில் மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. அவளுக்குக் காகிதக் கோப்பையில் வந்தது. கோப்பை முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அலுமாரியின் கண்ணாடிக் கதவுக்குள் கோப்பைகள் அடுக்கியிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் ஸ்ரீதேவி ஒரு பையோடு வந்தாள். றிபன் கட்டிய வடிவான பை. உள்ளே பிள்ளை குளித்த ஈர உடுப்பு. அதற்கு மேல் வெற்றிலையும் பாக்கும். அதை இரண்டு கைகளாலும் அருள்மலரிடம் நீட்டினாள்.

"அன்ரி, இது உங்களுக்குத்தான் தரவேணுமாம். அம்மா சொன்னா, ஊரிலை உங்கட ஃபமிலிதான் உதெல்லாம் செய்யிறதாம். ஐ வாஸ் சோ ஹாப்பி. எல்லாம் முறைப்படி நடக்கவேணும் எண்டு எனக்கு ஆசை. ஹோலிலை நடக்கிற விழாவிலையும் அந்த வெள்ளைத் துணியை நீங்களே விரிச்சு விடுறீங்களா?"

ஸ்ரீதேவியின் முகத்தில் கள்ளம் இல்லை. இங்கே வளர்ந்த பிள்ளை. ஏதோ பெரிய மரியாதை செய்கிறாள் என்றே நினைத்தாள். ஆனால் குசினியில் நின்ற மற்றப் பெண்கள் இங்கே வளர்ந்தவர்கள் இல்லை. அவர்களுடைய கதை நின்றுபோயிற்று. ஒருத்தி கைபேசியைப் பார்த்தாள். ஒருத்தி அருள்மலரின் சேலையைப் பார்த்தாள், கரையிலிருந்து தலைப்பு வரைக்கும். யாருடைய முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எல்லோருக்கும் முந்தியே தெரிந்திருக்கிறது.

அருள்மலர் பாலேஸ்வரியைத் தேடினாள். பாலேஸ்வரி குத்துவிளக்கின் திரியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். திரி நேராகத்தான் எரிந்தது.

சுவரில் மாலைக்குள்ளிருந்து ஜேர்மனிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் போதும். அந்தச் சொல் அவளுடைய வாய்க்குள் இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டிப் பையை வாங்கினாள். ஹோலுக்கு வர ஏலாது பிள்ளை, அண்டைக்கு வேலை என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் பை அவள் மடியில் இருந்தது. ஈரம் சேலைக்குள்ளால் தொடைவரை இறங்கியது. பாலேஸ்வரி கலியாண மண்டபம், சாப்பாட்டுக்காரர், படம் எடுக்கிறவர் என்று விடாமல் கதைத்துக்கொண்டு வந்தார். பெரிய வீதி முடிந்து ரூஜுக்குள் திரும்பும்போதுதான் அருள்மலர் கேட்டாள்.

"ஏனக்கா சொன்னனீங்கள்?"

பாலேஸ்வரி சிக்னலைப் பார்த்தார்.

"தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலை என்ன ஒளிப்பு மறைப்பு? அவள் கோட்டைக் கண்டிட்டு, அம்மா உதை ஆர் உப்பிடி வடிவாச் செய்து தாறதெண்டு கேட்டவள். நான் உன்னைப் பெருமையாத்தான் சொன்னனான். உடுப்பிலை அவள் கை பட்டா அது தனி, அது அவையின்ரை இரத்தத்திலை வாறது எண்டு."

"அந்தக் குசினியிலை நிண்ட ஆக்களுக்கு?"

"அவள் யாரிட்டையோ சொல்லியிருப்பாள். ஆர் பிள்ளை இப்ப உதெல்லாம் பாக்கினம்."

அருள்மலர் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். இரத்தத்தில் வருவது. பாட்டனும் தகப்பனும் ஒருநாளும் மெழுகைத் தொட்டதில்லை. அவர்கள் அறிந்ததெல்லாம் அடித்து வெளுப்பது. அந்த இரத்தத்தின் சொல்லைக் கேட்டுத்தான் அவள் முதல் கோட்டைக் கெடுத்தாள் என்று வேண்டுமானால் சொல்லலாம். மெழுகு அவள் இங்கே, தன் பாட்டில், டப்பா மூடியின் படத்தைப் பார்த்து, விரல் சுட்டு, கெடுத்த கோட்டிலேயே பழகியது. இந்தக் குளிர் நாட்டில் அவள் தனக்கென்று தேடிக்கொண்ட ஒன்றே ஒன்று அது. அதையும் எடுத்து அந்தப் பழைய கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ரகசியம் போனதைவிட இதுதான் அவளைச் சுட்டது.

வீட்டுக்கு வந்து அன்புராசாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சத்தம் போடவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, நான் ஒண்டுதானே உன்னட்டைக் கேட்டனான் என்றான். பிறகு எழும்பி, வாசலில் கிடந்த சப்பாத்துகளை ஒழுங்காக அடுக்கி வைத்தான். எப்போதும் அவள் அடுக்குகிற சப்பாத்துகள்.

அடுத்த நாள் வேலையில்லை. காலையில் அருள்மலர் பிள்ளையின் உடுப்பைக் கையால் தோய்த்தாள். பிள்ளை என்ன பாவம் செய்தது. மெல்லிய துணி, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தினாள்.

பிறகு கராஜுக்குப் போனாள். கோட் ஆணியில் தொங்கியது. மண் தட்டியாகிவிட்டது, மெழுகு டப்பாவும் சாறத் துண்டும் மேசையில் தயாராக இருந்தன. தோள் தையலில் விரலை ஓடவிட்டாள். அவள் வைத்த மெழுகு, வருடத்துக்கு வருடம், ஒன்றன்மேல் ஒன்று. பொத்தான்களைப் பூட்டி, பொக்கற்றுகளைத் தடவிப் பார்த்து, மெஷினுக்குள் போட்டாள். சுடுதண்ணீர். சவர்க்காரத் தூள், கை நிறைய. கண்ணாடி மூடிக்குள்ளால் தண்ணீர் சாம்பல் நிறமாவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். கோபம் வரவில்லை. யாரையோ குளிப்பாட்டுவது போலிருந்தது.

காய்ந்ததும் இஸ்திரி போட்டாள். கோட்டின் கைகளில் கத்திபோல மடிப்பு வைத்தாள். மிச்சப் பொழுது முழுவதும் மெஷினின் உள்பக்கத்தைத் துணியால் சுரண்டித் துடைத்தாள். அன்புராசாவின் சட்டையில் மறுபடியும் பசை ஒட்டக்கூடாது.

மறுநாள் பின்னேரம் குளிர் மழை. தன் கோட்டைப் போட்டுக்கொண்டு பாலேஸ்வரியின் கதவைத் தட்டினாள். அதே றிபன் பை. மேலே பிள்ளையின் உடுப்பு, கீழே மடித்த கோட். சவர்க்காரத்தின் பூ மணம்.

பாலேஸ்வரி உள்ளே வரச் சொன்னார். அவள் வாசலிலேயே நின்றாள். பாலேஸ்வரி பைக்குள் கையை விட்டார். கோட்டைத் தொட்ட கை அப்படியே நின்றது. வெளியே எடுத்து விரித்தார். வெளிறி, மெலிந்து, எலும்பில்லாத ஆள்போல அது கையில் தொங்கியது.

"இது... இதைத் தோய்க்கக் கூடாதெண்டு நீதானே சொன்னனீ."

"ஓமக்கா. நான்தான் சொன்னனான்."

"பிறகு?"

"உங்கட ஆக்கள் உடுப்புத் தந்தவை. தோய்ச்சு மினுக்கிக் கொண்டந்திருக்கிறன். பிள்ளையின்ரையும் பைக்குள்ளை இருக்கு. அதுகளை நாங்கள் இப்ப வைச்சிருக்கிறேல்லை."

பாலேஸ்வரி கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வெள்ளைக்காரக் கிழவியின் கையால் வந்த கோட். பாலேஸ்வரிக்குக் கண் கலங்கியது. இப்போது ஒரு சொல் வரும் என்று அருள்மலர் நின்றாள். ஏசினாலும் சரி, மன்னிப்புக் கேட்டாலும் சரி, அவளுக்கென்று ஒரு சொல். அதற்காகத்தான் அவள் பையைப் படியில் வைத்துவிட்டுப் போகாமல் கதவைத் தட்டியது என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

பாலேஸ்வரி தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அருள், என்ரை அந்த ஜேர்மன் கதை. நீ ஒருதருக்கும் சொல்லேல்லைத்தானே?"

மழை அருள்மலரின் கோட்டில் விழுந்து முத்து முத்தாக உருண்டது. வலது தோளின் அந்தத் திட்டில் மட்டும் உள்ளே இறங்கியது.

"இல்லையக்கா. சொல்லவும் மாட்டன்."

பாலேஸ்வரியின் முகம் இளகியது. மார்பில் அணைத்த கோட்டோடு ஒரு பெருமூச்சு வந்தது. வா பிள்ளை, நனையிறாய், ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன் என்றார், பழைய குரலில்.

அந்த முகத்தை அருள்மலர் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு படியிறங்கி, வலது தோள் நனைய நனைய, தன் வீட்டுக்கு நடந்தாள்.